புயலின் இடது முன்னங்கால்

பன்னீர்செல்வம் எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். டீ கிளாஸ், பைக் எஞ்சின், மகளின் நெற்றி, எதிர்வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய டி.வி.யின் முதுகு. நெய்வேலிச் சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டின் உருளைகளைத் தொட்டுப் பார்த்து, எது சூடேறுகிறது என்று சொல்வது அவர் வேலை. "உள்ளங்கை காய்ச்சுப் போச்சு சார், அதுக்கு ஒரு எழவும் தெரியாது. புறங்கை பொய் சொல்லாது" என்பார்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கினால் நேரே குவார்ட்டர்ஸின் பின்பக்கம்தான். அங்கே முருங்கை மரத்தடியில் புயல் நிற்கும். ‘தானே’ என்று பெயரிட்ட புயல் அடித்த கையோடு வாங்கிய பெண்குதிரை. பெயருக்கு அவர் வேறெங்கும் தேடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் முட்டிக்குக் கீழே பின்பக்க நரம்போடு புறங்கையை மெல்ல இறக்குவார். தார்ச்சாலையில் மைல்கணக்கில் வண்டி இழுக்கும் குதிரைக்கு மூச்சுக்கு முன்னால் அந்த நரம்புதான் போகுமாம். முன்பு வைத்திருந்த குதிரை வண்டிப் பந்தயத்தின் பாதி வழியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது; பிறகு படுத்தது, எழவில்லை. அதைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை.

மற்றதைப் பேச மனைவி தமயந்தி இருக்கிறார். "ஃப்ரிஜ்ஜு பூரா அதுக்குத்தான் ஐஸு. எனக்கு முட்டி வலின்னா தைலம் தேச்சிக்கோங்கிறாரு. நானும் நாலு காலோட பொறந்திருக்கணும்ங்க."

இவ்வளவு கவனிப்பிலும் ஒரே ஒரு குறை. புயல் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. வண்டி பூட்டும் நேரம் பார்த்து அவர் புறங்கைக்கு ஏதாவது தட்டுப்பட்டுவிடும். குள்ளஞ்சாவடிப் பந்தயத்தில் வலது முன்னங்கால். அதற்கு முன்னால் குளம்புக்கு மேலே லேசாக ஒரு வீக்கம். அவரைத் தவிர யாரும் பார்க்காத வீக்கம். 'கரையைக் கடக்காத புயல்' என்று பிளாக் முழுக்கப் பேராகிவிட்டது.

போன மாதம் சேத்தியாத்தோப்புப் பந்தயத்துக்கு, அதே பிளாக்கில் குடியிருக்கும் நானும் போயிருந்தேன். வண்டி ஓட்டும் கலைச்செல்வன் கறாராகச் சொல்லிவிட்டான்: "அண்ணே, இந்தத் தடவயும் திருப்பி ஓட்டிக்கினு போனீங்கன்னா நான் வேற வண்டிக்குப் போயிடுவேன். நிக்கிற குதிரைக்கு எதுக்கு ஓட்டுறவன்?" குதிரை வாயை இழுக்காமல் ஓட்டத் தெரிந்த கை அவன் ஒருவனுடையதுதான். அவன் போனால் புயல் என்றைக்கும் முருங்கை மரத்தடிதான். பன்னீர்செல்வத்துக்கு இது தெரியும்.

வண்டி பூட்டியாயிற்று. கொடிக்காரர் விசிலை வாயில் வைத்தாயிற்று. பன்னீர்செல்வம் குத்துக்காலிட்டார். இடது முன்னங்காலில் புறங்கை நின்றது.

"சூடு" என்றார். முகத்தில் தெரிந்தது வருத்தமா நிம்மதியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"ஆரம்பிச்சிட்டாருய்யா!" கலைச்செல்வன் தலைத்துண்டை அவிழ்த்தான்.

குடையோடு ஓரமாக நின்றிருந்த தமயந்தி கிட்டே வந்தார். "பின்னங்காலத் தொடுங்க."

தொட்டார். சூடு.

"வயித்த?"

அதுவும் சூடு.

"இப்ப அந்தப் பக்கம் போயி தொடுங்க."

அந்தப் பக்கம் ஜில்லென்று இருந்தது.

"வந்ததுலேர்ந்து இந்தப் பக்கமே வெயில் அடிச்சிக்கினு இருக்குது. வெயில் பட்டா நரம்பு பிசகிடுமா?"

எதிர் வண்டிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். தமயந்தி சிரிக்கவில்லை. குடையைத் தாழ்த்தி இடது முன்னங்காலுக்கு நிழல் பிடித்தார். கொடிக்காரர் முணுமுணுத்தார். சற்றுப் பொறுத்துப் பன்னீர்செல்வம் மறுபடி தொட்டார். அவர் கை எதைத் தேடியதோ, அது அங்கே இல்லை.

எழுந்து ஒதுங்கினார். "திரும்புற எடத்துல இழுத்துடாதடா" என்றார். கலைச்செல்வன் துண்டை மறுபடி கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

கொடி விழுந்தது. புயல் புறப்பட்ட வேகத்தில் கூட்டமே பைக்குகளில் ஏறிப் பின்னால் பறந்தது. "அண்ணே, முந்துது அண்ணே! பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் பார்க்கவில்லை. புயல் நின்ற இடத்தில் மண்டியிட்டு, தார்ச்சாலையில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.