பின் சீட்டுக்கு அடியில் மூன்று புள்ளி

பழைய கார் தொழிலில் கார் பொய் சொல்வதில்லை. அதை ஓட்டி வருகிறவன்தான் சொல்கிறான். சிங்கப்பூருக்கு அக்கரையில், மாசாயில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். வயது எழுபத்தொன்று. பழைய கார் பைத்தியம் பிடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு வாசலிலும் ஓடாத கார் ஒன்று நிற்கும், அதற்காக வீட்டில் திட்டும் வாங்கியிருப்பீர்கள். மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பலாம்.

காந்தம்

காரைப் பார்க்க வருகிறவன் முதலில் பெயின்டைப் பார்ப்பான். நான் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுப்பேன். கீறல் விழாமலிருக்க அதற்குத் துணி சுற்றியிருக்கும். இரும்பு என்றால் ஒட்டும். துருவுக்கு மேல் பட்டி பூசி மெழுகியிருந்தால் விழும். அவ்வளவுதான் வித்தை.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தினம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற ஒருவர், வெள்ளை இங்கிலீஷ் கார் ஒன்றைக் கொண்டு வந்தார். வாங்கிவிட்டுத்தான் வந்தார். வாங்கும் முன் யாரும் வருவதில்லை. துருவே கிடையாது என்று விற்றவன் சாமி மேல் சத்தியம் செய்தானாம். கதவில் காந்தத்தை வைத்தேன், விழுந்தது. மட்கார்டில் வைத்தேன், விழுந்தது. கூரையில் மட்டும் ஒட்டியது. அவர் குனிந்து காந்தத்தைப் பொறுக்கினார், துடைத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், வேற நல்ல காந்தம் இல்லையா?"

துரு போட்டுக் கொடு

இன்னொருவர் நேர் எதிர். காரைப் பளபளவென்று செய்து கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இப்போது கூட்டாளிகள் எல்லாம் பழசு பழசாகவே இருந்தால்தான் மதிக்கிறார்களாம். அங்கங்கே பெயின்டைத் தேய்த்து, ஓரங்களில் கொஞ்சம் துரு வரவழைக்க வேண்டுமாம். போய் வெளியே மழையில் விடு, சும்மாவே வரும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது நிஜத் துரு, அங்கிள். பரவிடும் லா."

பேட்டரி தின்ற இடம்

மணியம் பழைய கார் புரோக்கர். பேச்சில் கெட்டிக்காரன். பதினைந்து வருஷத்துக்கு முன், முதுகு வளைந்த ஆமைக் கார் ஒன்றை லாரியில் ஏற்றி வந்தான். பெயின்டு உரித்த வெறும் கூடு. காருக்குப் பிறப்புச் சான்று மாதிரியான சேசிஸ் நம்பர், அந்த மாதிரிக் காரில் பின் சீட்டுக்கு அடியில், தரையின் நடுவில் ஓடும் இரும்புத் தண்டின் மேல் இருக்கும். பக்கத்திலேயே பேட்டரி. அமிலம் ஒழுகினால் தரை போகும்.

இவன் கொண்டு வந்த காரில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை. நம்பர் உள்ள துண்டு தனியாக, செய்தித்தாளில் சுற்றி, அவன் கையில். சுற்றிலும் அமிலம் தின்றுவிட்டது, நம்பரை மட்டும் காப்பாற்றி வெட்டி எடுத்தேன் என்றான். தின்ற இடம் பிசிறு பிசிறாக இருக்கும். இந்த ஓட்டை கத்தியால் வெட்டிய கேக் மாதிரி இருந்தது. பார்த்தேன். கேட்கவில்லை. எனக்குப் பேச்சை வளர்க்கப் பொறுமை கிடையாது. துண்டு ஓட்டைக்குப் பொருந்தியது, வெல்டிங் வைத்து ஒட்டினேன். முடிக்கும் இடத்தில் வழக்கம்போல் வரிசையாக மூன்று புள்ளி வைத்தேன். என் கைவேலை என்பதற்கு அடையாளம் அது.

மணியம் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே இதுதான். வாயே தொறக்க மாட்டீங்க."

தகர மூடி

போன வருஷம் வசந்தி டீச்சர் வந்தார். அவருடைய அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவர். பச்சை ஆமைக் கார் வைத்திருந்தார். அவர் இறந்ததும், கார் ஓடாமல் கிடந்ததால், வீட்டில் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். டீச்சர் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். வந்து பார்த்தால் கார் இல்லை. முப்பது வருஷமாக அந்த நம்பர் பிளேட்டை மறக்கவில்லை. இப்போது அதே நம்பர், அதே பச்சை, ஃபோனில் விளம்பரம். அப்பாவின் கார்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆயர் ஈத்தாமில் ஒரு பானைக் கடைக்குப் பின்னால் கொட்டகை. அங்கே நின்றவன் மணியம். என்னைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். கிராண்ட், அதாவது காரின் உரிமைப் பத்திரம், சுத்தமாக இருந்தது. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. டீச்சர் நேரே போய் முன் சீட்டை மடக்கி, பின் சீட்டுக் காலடியில் கிடந்த மிதியடியைத் தூக்கினார். சின்ன வயதில் அங்கே ஓர் ஓட்டை இருந்ததாம். அதன் வழியே ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போவாராம். அப்பா பிஸ்கட் டின் மூடியை வெட்டித் திருகாணி போட்டு மூடினாராம். இப்போது ஓட்டையும் இல்லை, மூடியும் இல்லை. தரை புதுசாக மாற்றியது என்றான் மணியம்.

நான் பின் சீட்டைத் தூக்கினேன். சேசிஸ் நம்பர் கிராண்டில் உள்ளபடியே சரியாக இருந்தது. அதைச் சுற்றிக் கறுப்புத் தார் பூச்சு. சுரண்டினேன். மூன்று புள்ளி.

கிராண்ட் இல்லாத எவனுடைய காருக்கோ, இரும்புக் கடைக்குப் போன டிரெஸ்ஸர் காரின் கிராண்டை எடுத்து, சேசிஸ் நம்பரை வெட்டி வைத்திருக்கிறார்கள். வைத்தது என் கை. சொன்னால் என் பெயர் போகும். சொல்லாவிட்டால் இந்த அம்மா யாருடைய காரையோ அப்பா கார் என்று வீட்டில் வைத்துக் கும்பிடுவார். சீட்டை முழுசாக வெளியே எடுத்து வைத்தேன். பிறகு சொன்னேன். இந்த உள்ளங்கை அளவுதான் உங்கள் அப்பாவுடையது, மிச்சம் வேறு கார், ஒட்டியது நான். நாலு வார்த்தையில் முடித்தேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நம்பரை விரலால் ஒருமுறை தடவினார். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அப்பா இந்த நம்பரைப் பார்த்திருக்கவே மாட்டாரு, அங்கிள். அவரு அந்தத் தகர மூடியைத்தான் தினம் பார்த்தாரு."

வாய் திறந்த நாள்

டீச்சர் போய், நாங்கள் வந்த காரில் உட்கார்ந்தார். மணியம் என்னைக் கொட்டகை ஓரத்துக்கு இழுத்தான். டிரெஸ்ஸர் காரை நசுக்கிப் பல வருஷம் ஆகிறது, செத்த காரின் நம்பரால் யாருக்கு என்ன நஷ்டம் என்றான். நிற்கிற கார் யாரிடமிருந்து வந்தது, திருடியதா என்று கேட்டேன். பதினைந்து வருஷம் பிந்திய கேள்வி. அவன் டீச்சர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இத்தனை வருஷம் ஒருத்தனும் கண்டுபிடிக்கல, அண்ணே. நீங்களே போய்ச் சொல்லணுமா?"

யார் மேல் புகார்

மறுநாள் டீச்சரும் நானும் போலீஸ் நிலையம் போனோம். பட்டறையில் தொங்கிய என் பழைய வெல்டிங் துண்டு ஒன்றையும் எடுத்துப் போனேன், மூன்று புள்ளியைக் காட்ட. மேசைக்குப் பின்னால் இருந்தது ஒரு மலாய்ப் பெண் போலீஸ். பொறுமையாக எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார். வெட்டியது யார் என்றார். மணியத்தின் பெயரைச் சொன்னேன். ஒட்டியது யார் என்றார். நான் என்றேன். சந்தேகப்படாமல் ஏன் ஒட்டினீர்கள் என்றார். சந்தேகப்பட்டேன், கேட்கவில்லை என்றேன். விரல் நின்றுவிட்டது. அவர் டீச்சரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து மலாயில், மாமா என்று அழைத்து, மெதுவாகக் கேட்டார்.

"பாக்சிக், இது மணியம் மேல புகாரா, உங்க மேல புகாரா?"

இரண்டும் என்று எழுதச் சொன்னேன். கார் இப்போது போலீஸ் வளாகத்தில் மழையில் நிற்கிறது. டீச்சர் ஒருமுறை பட்டறைக்கு வந்து, பழைய பிஸ்கட் டின் மூடி ஏதாவது கிடக்கிறதா என்று மட்டும் கேட்டார், தேடிக் கொடுத்தேன்.

ஊரார் கார்களின் பொய்யையெல்லாம் காந்தம் வைத்துத் தேடினவன் நான். என் பொய் மட்டும் காந்தம் கெட்டியாக ஒட்டுகிற நல்ல இரும்பில் இருந்தது.