முன்னால் நின்ற முன்னாள் புருஷன்

நெல்டா டெட்மனுக்கு அந்த வட்டாரத்து ஆண்களில் பாதிப் பேரை முதுகை வைத்தே அடையாளம் தெரியும். நேரில் முகத்தைப் பார்த்தால் சில சமயம் பேர் வராது. சட்டைக் காலருக்கு மேலே வெயிலில் வெந்த கழுத்து, ஒரு பக்கமாய்ச் சரிந்த தோள், தொப்பிக்குப் பின்னால் பிதுங்கும் முடி, இது போதும், இன்னார் என்று சொல்லிவிடுவாள். பாஸ் என்கிற ஏரி மீனைப் பிடிக்கும் போட்டியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் படகின் பின்பக்கம் நின்று தூண்டில் போடுகிறவளுக்கு வேறு என்ன தெரியும்?

படகு முன்னால் நிற்கிறவனுடையது. எங்கே போவது, எந்தக் கரையை ஒட்டிப் போவது, எப்போது திரும்புவது எல்லாம் அவன் இஷ்டம். காலடியில் இருக்கிற சின்ன மோட்டாரை மிதித்து மிதித்து அவன் படகை நகர்த்துவான். நல்ல இடத்திலெல்லாம் முதலில் விழுவது அவன் தூண்டில்தான். அவன் கலக்கிவிட்டுப் போன தண்ணீரில் பின்னால் இருப்பவள் வீசிக்கொள்ள வேண்டும். அவனுக்கு மீன் மாட்டினால் தன் கோலைப் போட்டுவிட்டுக் கைவலையோடு ஓட வேண்டும். முன்னால் நிற்கிறவர்களுக்குத் தனிப் பரிசு, பின்னால் நிற்கிறவர்களுக்குத் தனிப் பரிசு. ஆனால் படகு ஒன்றுதானே. கெடு நேரத்துக்குள் அது கரைக்கு வரவில்லை என்றால் இரண்டு பேர் மீனும் தராசில் ஏறாது.

நெல்டா வாரத்தில் ஐந்து நாள் கோழித் தொழிற்சாலையில் நின்றபடி எலும்பு பிரிப்பாள். சனிக்கிழமை படகில் நிற்பாள். வலது மணிக்கட்டு இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்து ஓய்ந்துபோயிருந்தது. காபிக் கோப்பையைத் தூக்கினால்கூடத் தோள் வரைக்கும் சுரீர் என்றது. குளிர்காலத்தில் அறுவை சிகிச்சை. அதற்கப்புறம் தூண்டிலை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே இந்த வருஷம்தான் அவளுக்குக் கடைசி. இலையுதிர் காலத்துப் பெரிய போட்டிக்குத் தேறாமல் வருஷா வருஷம் ஒரு படி குறைவாகவே நின்றுபோவாள். இந்த முறை தேறுவதற்கு ஒரே ஒரு நாள் போட்டிதான் பாக்கி. பின்னால் நிற்கிறவர்கள் மூன்று மீன் வரைக்கும் கொண்டுவரலாம். மூன்றும் தேறினால் போய்விடலாம்.

முந்தின நாள் சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். பொரித்த கெளுத்தித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். போட்டியை நடத்துகிற எல்வின் ஜோடி ஜோடியாகப் பேர் படித்துக்கொண்டு வந்தவர், ஓர் இடத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முன்னால ராய்ஸ் டெட்மன். பின்னால... நெல்டா டெட்மன்."

கூடம் சிரிப்பில் வெடித்தது.

"எல்வின், நடுவுல ஒரு போலீஸ்காரரை ஏத்தி விடுய்யா!"

"கத்தி கித்தி இருந்தா வாங்கி வெச்சுக்குங்கப்பா!"

ராய்ஸ் எழுந்து தொப்பியைத் தூக்கிக் கும்பிடு போட்டான். "கவலைப்படாதீங்க. கோர்ட்ல படகு எனக்குன்னு தீர்ப்பாயிருச்சு. அவ நாளைக்கு ஒரு நாள் விருந்தாளி."

நெல்டா கெளுத்தியின் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினாள். "வீடு எனக்குன்னு தீர்ப்பாச்சு. அந்தக் கூரை ஒழுகுறதையும் சேத்து."

வேறு ஜோடி கேட்க முடியாது. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவள் விலகவில்லை.

விடியும் முன் ஏரியில் இறங்கினார்கள். பின்பக்கப் பெட்டி மூடியில் அவள் என்றோ ஒட்டிய சாம்பல் நிறப் பட்டை அப்படியே இருந்தது. ஓரம் மட்டும் கிளம்பியிருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு நின்றாள். முன்னால் முன்னாள் புருஷன். இந்த முதுகை மட்டும் அவள் படகில் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டிலேயே மனப்பாடம்.

"இன்னும் அந்த நாத்தம் புடிச்ச ரப்பர் புழுதானா?" என்றான் திரும்பாமலே.

"மீனுக்குப் புடிச்சிருக்கு. உன்னைக் கேட்டாத்தான் நாத்தம்."

வேகவைத்த கடலைப் பொட்டலத்தைப் பின்பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் ஒரு கை அள்ளிக்கொண்டாள்.

கரையோரமாய் வீடுகளும், வீட்டுக்கு ஒன்றாய் மரப் படகுத்துறைகளும். ராய்ஸுக்கு ஒரு பழக்கம். துறையின் வெளி மூலையில் இரண்டு வீச்சு வீசுவான், அடுத்த துறைக்குப் போய்விடுவான். ஏணிக்குப் பின்னால் இருட்டு நிழலில் என்ன கிடக்கிறது என்று பார்க்க அவனுக்குப் பொறுமை கிடையாது. அவனோடு வாழ்ந்த காலமெல்லாம் அவன் பார்க்காமல் விட்டதைத்தான் நெல்டா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுகும் கூரை, மகளுக்கு வந்த காய்ச்சல், கட்டாமல் கிடந்த கரண்ட் பில். இப்போது அதே பழக்கத்தில் ஏணிகளுக்குப் பின்னால் புழுவை நழுவவிட்டாள். காலையில் ஒன்று மாட்டியது. வெயில் ஏறியதும் இன்னொன்று. மதியத்துக்குமேல் மூன்றாவது, நல்ல கனம். மூன்றையும் ராய்ஸ்தான் குனிந்து வலையில் அள்ளினான். ஒன்றுகூடத் தவறவில்லை. வலை பிடிப்பதில் மட்டும் அந்த மனுஷனைக் குறை சொல்ல முடியாது.

அவனுக்கு ஐந்து மீன் வேண்டும், நான்குதான் தேறியிருந்தது. வெயில் சாய்ந்தது. மணிக்கட்டு வீங்கிக் கடிகார வார் இறுகியது. நெல்டா கோல்களைக் கட்டி வைத்து, மிதவை அங்கியை மாட்டிக்கொண்டு, ஓட்டுகிறவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"ராய்ஸ், கிளம்பு. நேரமாச்சு."

"ஒரே ஒரு வீச்சு, நெல்."

"அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாத."

"எந்த வார்த்தைய?"

"உனக்குத் தெரியும்."

தெரியும்தான். மகள் டானாவின் கல்யாணத்தன்று, காலையில் ஏரிக்குப் போனவன் இப்படித்தான் ஒரே ஒரு வீச்சு, ஒரே ஒரு வீச்சு என்று நின்றுவிட்டான். அவளைக் கைப்பிடித்து மாதா கோயிலுக்குள் கூட்டிப்போக அப்பா இல்லை, மாமா கூட்டிப்போனார். கடைசிப் பாட்டு முடிகிற நேரத்தில் ஈரச் செருப்போடு வந்து பின்வரிசையில் நின்றான். அதற்கு அடுத்த மாசம் நெல்டா வக்கீலைப் பார்த்தாள்.

தெரிந்தும் வீசினான். விழுந்த இடத்திலேயே தண்ணீர் பிளந்தது. கோல் வில்லாய் வளைந்தது. நெல்டா வலையோடு எழுந்து ஓடினாள், உடம்பு தானாகச் செய்தது. பச்சை முதுகும் வாளி போல் வாயுமாக ஒரு முறை மேலே வந்த மீன், சட்டென்று துறைக்கு அடியில் பாய்ந்து, தண்ணீருக்குள் இருந்த இரும்பு வடத்தில் நூலைச் சுற்றிக்கொண்டது. ராய்ஸ் மண்டியிட்டான்.

"இந்தா விட்டுடும். இந்தா, இந்தா வந்துடும்."

வடம் விடவில்லை. நெல்டாவின் கழுத்துக் கயிற்றில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி தொங்கியது. இவளாக வெட்டினால் அவன் ஒரு புகார் சொன்னால் போதும், அவள் பேரை அடித்துவிடுவார்கள். கோபம்கூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. வலையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு டானா கோயில் வாசல்ல நின்னு ரோட்டையே பாத்துட்டு இருந்தா," என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

இழுத்துக்கொண்டிருந்த தோள் நின்றது. அவள் பார்த்ததெல்லாம் அந்தக் கழுத்தைத்தான்.

"வெட்டு."

"என்னது?"

"கத்தரி உங்கிட்டதான இருக்கு. எம் மனசு மாறுறதுக்குள்ள வெட்டித் தொலை."

வெட்டினாள். நூல் துள்ளி அடங்கியது. பெரிய எஞ்சின் உறும, தண்ணீர் முகத்தில் அறைய, ராய்ஸ் வழிநெடுகப் பற்களைக் கடித்தபடி ஓட்டினான். கரையில் எல்வினின் ஆள் நேரம் முடிந்தது என்று கொடியை இறக்கக் கையைத் தூக்கியிருந்தான். அவர்கள் படகு உள்ளே நுழைந்த பிறகுதான் இறக்கினான்.

தராசில் நெல்டாவின் மூன்றும் ஏறின. பெரிய போட்டிக்குப் போகிறவர்களில் கடைசி ஆளாக அவள் பேர் வந்தது. அடுத்து ராய்ஸ் நான்கு மீனோடு மேடை ஏறினான். எல்வின் மைக்கை நீட்டினார்.

"என்னப்பா, அஞ்சாவது எங்க?"

"எம் முன்னாள் பொண்டாட்டிகிட்ட கேளுங்க! எம் வாழ்நாள்லயே பெரிய மீனு. கண்ணு முன்னாடி நூலை நறுக்குனு வெட்டிட்டா. நேத்தே கத்தியை வாங்கி வைக்கச் சொன்னாங்க, யாரு கேட்டீங்க?"

கூட்டம் உருண்டு சிரித்தது. எல்வின் மைக்கை அவள் பக்கம் திருப்பினார். "உண்மையா நெல்டா?"

ராய்ஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டு என்று சொன்னதே அவன்தான் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். சொன்னால் நாலு கேள்வி வரும். கதை அவனிடமே இருக்கட்டும், படகு மாதிரி.

"கத்தரி நல்ல கூர்," என்றாள். மறுபடி சிரிப்பு.

மீன்களை ஏரியில் திருப்பி விடும் தொட்டியில் போட்டுவிட்டு, வண்டியில் ஏறி ஈர பூட்ஸைக் கழற்றினாள். இலையுதிர் காலத்தில் இன்னும் சில நாள், இன்னும் சில முதுகுகள். போன் அடித்தது. டானா.

"அம்மா, தேறினியா இல்லையா? அப்பா வழக்கம்போல லேட் பண்ணிட்டாரா?"

"தேறிட்டேன்டி. நேரத்துக்கு வந்துட்டார்."

"யாரு, எங்க அப்பாவா?"

"ஆமா."

"எப்படிம்மா?" என்று டானா கேட்டபோது நெல்டா இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்டி. இப்ப கை வலிக்குது."