டிஸ்சார்ஜ் புக்கில் இல்லாத மலை

அப்பாவுக்குப் பனிமலைக் கதைகள் நிறையத் தெரியும். பற்பசை டியூபுக்குள்ளேயே கல்லாகிவிடும். முட்டையைச் சுத்தியலால் உடைக்க வேண்டும். ஜெனரேட்டர் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் பாதி உயிர் போய்விடும். சின்ன வயதில் எனக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருந்ததோ இல்லையோ, இந்தக் கதைகள் இருந்தன. ஆனால் வீட்டுக்கு யாராவது வந்து பட்டாளத்துப் பேச்சை எடுத்தால் போதும், மனிதர் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டது மாதிரி உட்கார்ந்துவிடுவார். "நீங்க மலைக்குப் போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டால், "நமக்கெல்லாம் கீழ ஒர்க்‌ஷாப்தான் சார்" என்று முடித்துவிடுவார். இது என்ன கூத்து என்று எனக்குள் ஒரு கேள்வி எப்போதும் உண்டு.

போன வருஷம் பென்ஷன் வேலை ஒன்றுக்காக அவருடைய டிஸ்சார்ஜ் புக்கை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கும் புத்தகம் அது. சேர்ந்தது, இருந்தது, வாங்கினது எல்லாம் அதில் இருக்கும். எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான். பதக்கங்கள் எழுதிய பக்கத்தைப் பார்த்தேன். நீண்ட காலம் வேலை பார்த்ததற்கு ஒன்று, வேறு ஒன்று, அவ்வளவுதான். உயரமான மலையில் இருந்தவர்களுக்கு என்று தனிப் பதக்கம் உண்டு என்பது எனக்கே தெரியும். அது இல்லை.

"ஏம்பா, மலைப் பதக்கம் எங்க?"

"எனக்கு இன்னாத்துக்கும்மா அதெல்லாம்? ஸ்கேன் பண்ண வந்தியா, படிக்க வந்தியா?"

நாங்கள் வேலூர்ப் பக்கம். செகந்திராபாத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் அப்பாவின் 'இன்னா' மாறவில்லை. கோபம் வந்தால் அது இன்னும் தடித்துவிடும். நான் வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்தவள். ஒரு விஷயம் பொருந்தவில்லை என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதை ஒரு வியாதி என்றே என் கணவர் முடிவு கட்டிவிட்டார்.

கன்டோன்மென்ட் பக்கம் முன்னாள் ராணுவத்தினருக்கு உதவி செய்யும் கவுன்டர் ஒன்று இருக்கிறது. அங்கே இருந்தவரும் பழைய ஹவில்தார்தான், ஹைதராபாத்காரர், தமிழ் ஆட்களோடு வேலை செய்து கற்றுக்கொண்ட தமிழில் பேசினார். நான் போனதும் போகாததுமாகச் சண்டைக்கு நின்றேன். மலையில் கிடந்த மனிதனுக்குப் பதக்கத்தை எழுத மறந்தது யார் என்று கேட்டேன்.

"கோபம் நக்கோ அம்மா, வேணாம்," என்றார். "இந்த மாதிரி நிறைய வரும். ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுவோம். இருந்தார்னா ஏத்திக் குடுப்பாங்க."

அப்பாவிடம் கையெழுத்து வாங்கியது தனிப் போராட்டம். "விடும்மா, விடும்மா" என்று ஒரு வாரம் இழுத்தார். கடைசியில், என் தொல்லை தாங்காமல், படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். எதையும் ரெண்டு தடவை படிக்கிற மனிதர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. அந்தக் காலத்தில் மலைமேல் இருந்த காவல் போஸ்டில் இவர் பெயரில் ஒரு ஜெனரேட்டர் மெக்கானிக் இருந்தது உண்மை, ஆனால் ராணுவ எண் வேறு, பதக்கம் அந்த எண்காரருக்கு அப்போதே கொடுக்கப்பட்டுவிட்டது, உங்கள் தந்தை அந்த மாதங்களில் செகந்திராபாத் ஒர்க்‌ஷாப்பில் இருந்தார் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் போட்டேன். "பார்த்தீங்களா? எவனோ உங்க பதக்கத்தை வாங்கிட்டுப் போயிட்டான்!"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "எவனோ இல்லம்மா," என்றார். "உன் குகட்பள்ளி மாமாதான்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அதுதான். குகட்பள்ளி மாமா எங்களுக்கு ரத்த உறவு இல்லை. அப்பாவோடு ஒரே நாளில் சேர்ந்து, ஒரே தொழில் கற்று, ஓய்வுக்குப் பிறகு ஹவுசிங் போர்டு காலனியில் குடியேறியவர். தீபாவளிக்கு முதல் பலகாரம் அவர் வீட்டிலிருந்துதான் வரும். அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே பெயர். எங்கள் பக்கத்தில் குலசாமி பெயரைத் தெருவுக்கு நாலு பேருக்கு வைத்திருப்பார்கள், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பட்டாளத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்பா அங்கே வெறும் நாற்பத்தாறு. மாமா தொண்ணூறு.

மலைக்குப் போக உத்தரவு வந்தது தொண்ணூறுக்கு. அந்த வாரம் மாமி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நிலைமை மோசம். ஊரிலிருந்து யாரும் வந்து சேரவில்லை.

"மலை எங்கயும் ஓடிடாது, பொண்டாட்டி போயிடுவாடான்னு சொன்னேன்," என்றார் அப்பா. "சுபேதார் நல்ல மனுஷன். ரெண்டு பேரும் ஒரே பேரு, ஒரே வேலை, நீ கெளம்பு, நம்பரை அப்புறம் ஆர்டர்ல மாத்திக்கலாம்னாரு. நான் ஏறிட்டேன். அவரு அதுக்குள்ள மாற்றலாயிப் போயிட்டாரு. நம்பரை யாரும் மாத்தல."

"அப்புறம் வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அவன் கதி? மலைக்குப் போகாம டிமிக்கி குடுத்தான்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. கைக்குழந்தைய வெச்சுக்கினு எங்க போவான்?"

ஓய்வுக்குப் பிறகு பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம். அப்படியே நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள் இரண்டு கல்லுளிமங்கன்களும். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சரி, ஒரு பதக்கம்தானே, நண்பனுக்காக விட்டுக்கொடுத்தார், பெருமைதான் என்று நினைத்துக் காகிதத்தை மடித்தேன். அப்போதுதான் அப்பா மீதியைச் சொன்னார்.

அந்தப் போஸ்டில் அவரோடு ஒரு தெலுங்குப் பையன் இருந்திருக்கிறான், அனந்தபூர்ப் பக்கம். நெஞ்சில் நீர் கட்டி இறந்துபோனான். ரொம்ப நாள் கழித்து அவன் தம்பி, அண்ணனோடு மேலே இருந்தவர் யார் என்று ராணுவத்துக்கு எழுதிக் கேட்டு விலாசம் வாங்கி, நேராக வந்து நின்றது மாமா வீட்டு வாசலில். காகிதத்தில் அங்கே இருந்தவர் மாமாதானே! அண்ணன் எப்படிச் செத்தான் என்று அவன் கேட்க, மாமாவுக்கு நாக்கு எழவில்லை. பார்க்காததை எப்படிச் சொல்வார்? மென்று விழுங்கியிருக்கிறார். எதையோ மறைக்கிறீர்கள், என் அண்ணனை விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டீர்கள் என்று அவன் கத்திவிட்டுப் போயிருக்கிறான்.

"நீங்களாவது போய்ச் சொல்லியிருக்கலாமேப்பா?"

"போனேன். ஒரு வாட்டி அவன் ஊருக்கே போனேன். நீ யாரு, உன் பேரு எந்தக் காகிதத்துல இருக்குன்னு கேட்டான். இந்த புக்கைத் தொறந்து காட்டச் சொன்னான். இன்னாத்தைக் காட்டுவேன்? அந்தாளு அனுப்பின பொய்சாட்சின்னு வெரட்டிட்டான்மா." அப்பா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பதக்கம் யாருக்கு வேணும்? நான் அங்க இருந்தேன்னு ஒருத்தன் நம்பணும்."

மறுநாளே குகட்பள்ளிக்கு ஆட்டோ பிடித்தேன். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனேன். மாமா என்னைக் கேட்கவே விடவில்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்று அவர்தான் என் மேல் பாய்ந்தார். "வருஷா வருஷம் உங்கப்பன் கால்ல வுழாத கொறை. வாடா, போய் எழுதிக் குடுத்துடலாம்னு. என் பொண்ணு மொகத்துல எப்படி முழிப்பேங்கிறான் உங்கப்பன். அவ அந்தப் பதக்கத்தை கச்சிபௌலி வூட்டு ஹால்ல மாட்டி வெச்சிருக்கா. வர்றவன் போறவனுக்கெல்லாம் எங்கப்பான்னு காட்டுறா."

கஷ்டம்தான். மாமி போன பிறகு அந்தப் பெண்ணுக்கு அப்பாதான் எல்லாம். அந்தப் பெண் பிறந்த வாரத்தில்தான் இத்தனையும் நடந்தது. மாமா அவளிடம் எப்படிச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அப்பாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு நான் கவுன்டரில் உட்கார்ந்திருந்தபோது அவளே ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்து சேர்ந்தாள். கையில் துணிப்பையில் சுற்றிய ஃபிரேம். அதை மேஜைமேல் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அங்கிள், நான் பொறந்ததுக்கு நீங்க மலை ஏறியிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

அப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "நல்லா இருக்கியாம்மா?" என்றார். வேறு என்ன சொல்வார்!

தன் பிறப்புச் சான்றிதழையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் அவளே கொண்டுவந்திருந்தாள். அந்தத் தேதியில் மாமிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மாமா கையெழுத்துப் போட்டிருந்தார். நான் மலையில் இல்லை, எனக்குப் பதிலாகப் போனவர் இவர்தான் என்று மாமா எழுதினார். உங்கள் பதிவிலிருந்து இது நீக்கப்படும், சம்மதமா என்று கவுன்டர்காரர் கேட்டார். "ஹவ், ஹவ். ஆமா, அடிங்க சார்," என்றார் மாமா, ஏதோ வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வது போல. பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாதே என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டதில் அந்த மனிதருக்குச் சலிப்பே வந்துவிட்டது. ஆகாது என்று எழுதித் தரட்டுமா என்றார்.

காகிதங்கள் போயின, விளக்கம் கேட்டு வந்தன, மறுபடி போயின. சுபேதாரின் கீழ் வேலை பார்த்த இன்னொருவரை மாமாவே தேடிப் பிடித்துச் சாட்சி எழுத வைத்தார். ஒரு வழியாகத் திருத்த உத்தரவு வந்தது. டிஸ்சார்ஜ் புக்கில் புதிதாக ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் ஒரு முத்திரை. பதக்கம் தயாராகிப் பின்னால் வரும் என்றார்கள். அப்பா அது எப்போது வரும் என்றுகூடக் கேட்கவில்லை. "அனந்தபூருக்கு டிக்கெட் போடும்மா," என்றார்.

நானும் கூடப் போனேன். அழைக்கவில்லைதான், ஆனால் என்னை யார் தடுக்க முடியும்?

அந்தத் தம்பிக்கு இப்போது அறுபதை ஒட்டி வயது, உரக்கடை வைத்திருக்கிறார். அப்பாவை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. அப்பா புத்தகத்தை விரித்து நீட்டினார். அவர் அந்த வரியைப் படித்தார். முத்திரையை விரலால் தடவினார். எண்ணைப் புத்தக அட்டையில் இருந்த எண்ணோடு சரிபார்த்தார். தணிக்கை செய்த என்னாலேயே அவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்க முடியாது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அப்பா தன் வேலூர்த் தெலுங்கில் சொன்னார். உங்கள் அண்ணனுக்குக் காலையிலிருந்து மூச்சு வாங்கியது, வயர்லெஸ்ஸில் சொன்னோம், மேகம் விலகாமல் ஹெலிகாப்டர் வர மத்தியானம் தாண்டிவிட்டது. வந்தபோது உயிர் இல்லை. மற்றவர்கள் இறங்குதளத்தைச் சுத்தம் செய்யப் போயிருந்தார்கள், நான் மட்டும் நகரவில்லை.

"படுத்தா மூச்சு முட்டுதுன்னான். அதனால என் நெஞ்சுல சாய்ச்சு உக்கார வெச்சுக்கினேன். கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தான்பா."

தம்பி புத்தகத்தை மூடி அப்பாவின் மடியில் வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்போ தனியா போகலையா?"

"இல்லப்பா."

"தனியா போனானான்னுதான் எங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்தா," என்றார் அவர். "போன சங்கராந்திக்குத்தான் செத்தா."