பெரியப்பா பெஞ்சில் யாரும் உட்காரவில்லை

எங்கள் பெரியப்பா சாமியான கதையைப் பெரியம்மா காதுபடச் சொல்ல முடியாது. இன்றைக்கும் கரண்டியோடு வந்துவிடுவார்.

அம்பாங்கில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காட்டுப் பூங்கா. விடிந்ததும் பெரியப்பா அங்கே நடக்கப் போவார். ஏற்றம் முடியும் வளைவில் மூச்சு வாங்கும். உட்கார இடம் கிடையாது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இங்க ஒரு பெஞ்ச் போட்டா என்ன லா, குறைஞ்சா போயிடுவாங்க?" என்று அந்த மரத்திடமே முறையிடுவார். ஒருநாள் அங்கேயே சரிந்தார். வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை.

காரியம் முடிந்த மறுநாளே பெரியம்மா பூங்கா அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். பார்க்கலாம் என்றார்கள். இவர் விடுகிற ஆளா? அங்கேயே பாயை விரித்துப் படுக்காத குறைதான். கடைசியில் அந்த வளைவில் ஒரு மரப்பெஞ்ச் வந்தது, சாய்மானத்தில் பெரியப்பாவின் பெயரோடு.

அதைக் கெடுத்தது என் அப்பா. வருஷத் திதிக்குக் கிள்ளானிலிருந்து போயிருந்தோம். பெரியம்மா வீட்டில் சமையலில் இருக்க, அப்பா யாரையும் கேட்காமல் என்னையும் கூட்டிக்கொண்டு மேலே போய் பெஞ்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, இலையில் படையலும் வைத்துவிட்டார். அண்ணன் பெயர் இருக்கும் இடத்தில் அண்ணனே இருக்கிறார் என்பது அவர் எண்ணம். காக்கைக்காகக் காத்திருந்தோம். குரங்குகள் வந்து வடையையெல்லாம் அள்ளிக்கொண்டு போயின.

அவ்வளவுதான், பெஞ்ச் கோயிலாகிவிட்டது. நடக்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒரு சீன அங்கிள் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். உட்காரத்தான் ஒருவரும் இல்லை.

பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே இருந்தபோது பெரியம்மா பொறுமை இழந்தார். "உயிரோட இருந்தப்ப நிக்க வச்சாங்க, இப்ப கும்பிடுறாங்களாம்!" என்று பொரிந்து தள்ளியவர், வாளியும் பிரஷுமாக என்னை இழுத்துக்கொண்டு ஏறினார். மாலையைப் பிடுங்கி எறிந்தார். குங்குமத்தைச் சுரண்டித் தேய்த்தார். பிறகு என்னை பெஞ்சில் உட்காரவைத்து தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலுமாக ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

"காலைத் தூக்கி மேல வச்சுக்கடி. எல்லாரும் பாக்கட்டும்."

அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று எனக்கு நடுக்கம். ஆனாலும் சம்பல் நன்றாக இருந்தது.

தினமும் போனோம். வருகிறவர்களையெல்லாம் பெரியம்மா மறித்து உட்காரச் சொன்னார். "பரவால்லக்கா" என்று நழுவினார்கள். விடுமுறை முடியும் சமயத்தில் ஒரு காலை, முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் ஏறி வந்தார். முகமெல்லாம் வேர்வை. அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

பெரியம்மா ஓடினார். "உட்காருங்கண்ணே."

"வேணாம்மா. சாமி இருக்கிற இடம்னு சொன்னாங்க."

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. என் வீட்டுக்காரர்தான். அவர் ஒண்ணும் சொல்லமாட்டார், வாங்க."

கையைப் பிடித்து இழுத்தே வந்துவிட்டார். நான் நகர்ந்து இடம் விட்டேன். பெரியவர் உட்கார்ந்து, பெரியப்பாவின் பெயர்மேல் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினார். பெரியம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீராயிற்று.

நான் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். காரியத்தின்போதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. பெரியப்பா பெயர்மேல் யாரோ சாய்ந்துவிட்டாரே, அதில்தான் மனசு உடைந்துபோயிற்று என்று நினைத்தேன். நாள் கணக்காக ஆள் பிடித்தவர் ஆள் கிடைத்ததும் ஏன் அழ வேண்டும் என்று யோசிக்கிற வயதா அது?

கிட்டே போய்க் காதோடு கேட்டேன். "பெரியம்மா, அவர எழுந்திருக்கச் சொல்லவா?"

"வாயை மூடுடி," என்றார் பெரியம்மா. "நல்லா உட்காரட்டும்."