மேய்ச்சல் நிலத்துக்கு ஜுமாதாய் பொறுப்பு

எங்கள் ஊர்ப் பெரியவர் ஜுமாதாய் உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. விதைப்புக் காலத்தில் டிராக்டர் சக்கரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே குடிப்பார். பனிக்காலத்தில், வீட்டுக்குள்ளும் அப்படித்தான்.

சோவியத் காலக் கூட்டுப்பண்ணை கலைந்தபோது எங்கள் வட கஜகஸ்தான் ஊரில் குடும்பத்துக்கு ஒரு பங்கு நிலம் என்று காகிதம் கொடுத்தார்கள். உழ டீசல் இல்லை. நிலம் வருடக்கணக்காகக் களை மண்டிக் கிடந்தது. பிறகு ஒரு கம்பெனி வந்து எல்லாப் பங்கையும் சேர்த்துக் குத்தகைக்குக் கேட்டது. ஊர் தயங்கியது. பண்ணையில் டிராக்டர் ஓட்டிகளுக்குத் தலைவராக இருந்த ஜுமாதாய்தான் எழுந்தார்.

"கையெழுத்துப் போடுங்கப்பா. மாடு மேயுற இடத்தைத் தொட மாட்டாங்க. நான் பொறுப்பு."

யாரும் அதை எழுதி வாங்கவில்லை. மேய்ச்சல் நிலம் எவர் பங்கிலும் இருந்ததில்லை. எல்லோருக்கும் பொதுவானதை எதற்கு எழுதுவது?

புதிய இயந்திரங்கள் வந்தன; ஜுமாதாய்க்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே கோதுமை வயல். இவ்வளவு மண் உலகில் வேறெங்கே சும்மா கிடக்கிறது என்று நான் படித்த வேளாண்மைக் கல்லூரியில் எங்களைக் கேட்பார்கள். அந்தக் கேள்வி தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

கோதுமை விலை ஏறிய வருடம், கலப்பை மேய்ச்சல் நிலத்தை உழுதுகொண்டு வீட்டு வேலி வரை வந்தது.

ஒற்றைப் பசு வைத்திருந்த குல்பாஷ் ஜுமாதாயை வழிமறித்தாள். "அண்ணே, என் பசு இனிமே உங்க மீசையில மேயட்டுமா?"

"பொறும்மா, போய்ப் பேசுறேன்."

"பேசுங்க. பசுவுக்கு அதையே அள்ளிப் போடுறேன்."

கம்பெனி மேலாளர் அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டார்: "அது எந்தக் காகிதத்துல இருக்கு, பெரியவரே?"

குத்தகை முடிந்ததும் ஜுமாதாய் தன் பங்கைத் திரும்பப் பெற்று, ஊரோரமாக மாற்றிக் கேட்டார். கொடுத்தார்கள்; ஆனால் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் அதில் எதையும் விதைக்காமல், ஊர் மாடுகள் மேயட்டும் என்று விட்டுவிட்டார். உழுத புல்வெளி லேசில் திரும்பி வராது. முதலில் களைதான் வந்தது. மெல்லப் புல் தலைகாட்டியபோதும் பத்து மாட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. அதற்குள் குல்பாஷ் பசுவை விற்றிருந்தாள்.

அவர் இறந்த அன்று, அடக்கத்துக்கு எடுக்கும் முன் வழக்கப்படி இமாம் கேட்டார்: "இவர் யாருக்காவது கடன்பட்டிருக்காரா?"

இருந்தால், கடன் கொடுத்தவர் 'விட்டுட்டேன்' என்று சொல்ல வேண்டும்; இல்லையென்றால் மகன் அடைக்க வேண்டும். அவன் நகரத்திலிருந்து வந்திருந்தான். அப்பாவின் பங்கைக் கேட்டுக் கம்பெனி அவனிடம் ஏற்கெனவே பேசியிருந்தது.

"ஊர் மேய்ச்சல் நிலம் பாக்கி" என்றாள் குல்பாஷ், பெண்கள் பக்கமிருந்து.

"அதை நான் எப்படிக்கா அடைக்கிறது?"

"தெரியல தம்பி. ஆனா விட்டுட்டேன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

இமாம் உடலைத் தூக்கச் சொன்னார்.