குளத்தை இடமாகச் சுற்றிய நாட்கள்

ஆட்களைக் கூட்டிப் போய் சுற்றிக் காட்டுவது ஒரு வேலையா என்று கேட்பவர்கள், வீட்டுக்கு வந்த சம்பந்தியை ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டிவிட்டு வந்து என்னிடம் பேசட்டும். காட்டியவர்களுக்குத் தெரியும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் திண்டுக்கல் பக்கம் கடல் கிடையாது. கரை என்றால் குளத்தங்கரைதான். அய்யலூருக்கு அந்தப் புறம், காப்புக்காட்டுக்குள் ஒரு குளம். அதைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டு, கேட் வைத்து, என்னை வழிகாட்டியாகப் போட்டார்கள். அதற்கு முன் மினிபஸ்ஸில் கண்டக்டர். பன்னிரண்டு போர்டுகளையும் நம்பர் போட்டு நட்டது நானேதான். ரேஞ்சர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பொங்கல் வரைக்கும் பாப்பேன். வர்றவங்க என்ன பாத்தாங்கன்னு நோட்டுல எழுதணும். வெறும் சூப்பர்னு எழுதிட்டுப் போனா கேட்டப் பூட்டிருவேன்." எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. விசில் ஊதாமல், யாரையும் உள்ளே தள்ளாமல் ஒரு நாள் கழிவது எத்தனை சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் தினமும் முதல் வேலையாக நோட்டைப் புரட்டுவேன். "சூப்பர்." "சூப்பர்." "பாத்ரூம் இல்லை."

ஸ்பாட் எங்கே?

டவுனில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், குடும்பத்தோடு பிரியாணிச் சட்டியோடு வந்தார். உள்ளே சட்டிக்கு அனுமதியில்லை என்றதும் முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் நடந்தார். மூன்றாம் போர்டில் நீர்க்காகத்தைக் காட்டினேன். "சரி, ஸ்பாட் எங்க தம்பி?" என்றார். ஏழாம் போர்டில் கரையான் புற்று. "இது இருக்கட்டும், ஸ்பாட்டு?" அவர் மனதில் ஓர் அருவியோ, குறைந்தபட்சம் ஒரு சிமெண்டு முதலையோ இருந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் போர்டைத் தாண்டியதும் அவருடைய காரே எதிரில் நின்றது. பாய் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காரைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்:

"சுத்தி இங்கேயேதான் வரும்னா, செத்த நேரம் இங்கேயே நின்னுருக்கலாமே தம்பி?"

நான்காம் நம்பர்

அய்யலூர்ச் சந்தையில் ஆடு விற்றுவிட்டு வந்த ஒருவர், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று உள்ளே வந்தார். நான் சொல்வது எதையும் காதில் வாங்கவில்லை. நான்காம் போர்டுக்குப் பக்கத்தில் இருந்த செடியில் பட்டென்று ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தார். "இலையெல்லாம் பறிக்கக் கூடாதுண்ணே" என்று சத்தம் போட்டேன். "கிளுவைன்னு எழுதியிருக்கீக. இது காரை. கிளுவை அந்தா நிக்கிது" என்று நாலடி தள்ளிக் கையைக் காட்டினார்.

போய்ப் பார்த்தால், அதுதான் கிளுவை. நட்ட ஆள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் மீதிப் பாதை முழுக்க அவர் பின்னால் நான்தான் நடந்தேன். எந்தக் கொழுந்தை ஆடு முதலில் கடிக்கும், எதைப் பசித்தாலும் தொடாது என்று சொல்லிக்கொண்டே போனார். நோட்டில் எழுதச் சொன்னால், எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், எழுத வராது என்றார். கிளம்பும்போது இவ்வளவுதான் சொன்னார்:

"போர்டு நட்ட ஆளு ஒரு நாளாச்சும் ஆடு மேச்சிருந்தா இந்தத் தப்பு வருமா அப்பு?"

வலமா, இடமா?

மார்கழியில் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு வேனில் ஒன்பது பெண்கள் வந்தார்கள். பழனி மலையைச் சுற்றியே வளர்ந்தவர்கள். கேட்டில் செருப்பைக் கழற்றப் போனார்கள். முள் குத்தும் என்று மன்றாடித் திரும்பப் போட வைத்தேன். அம்புக்குறியைப் பார்த்து வலதுபக்கம் திரும்பினேன். ஒருவரும் அசையவில்லை.

"ஏனுங்க, குளம் இடக்கைப் பக்கமில்லீங்க வருது?" என்றார் மூத்தவர். "எடஞ்சுத்திப் போறதுங்களா? அது சுடுகாட்டுலதானுங்க."

ஒன்றாம் நம்பர் அந்தப் பக்கம் ஏன் இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? அங்கேதான் மண் இளகலாக இருந்தது, குழி தோண்டச் சுளுவாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு எரிச்சல். ஆனால் ஒன்பது பேர், ஒன்பது கையெழுத்து. சரி என்று பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று தலைகீழாகக் கூட்டிப் போனேன். ஒன்பதைத் தாண்டி ஒரு பழைய உசிலை மரம். மூத்தவர் நின்றார். மரப்பொந்தின் வாயில் இரண்டு புள்ளி ஆந்தைகள் ஒட்டி உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. எங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டின. அந்த மரத்தை நானூறு தடவையாவது தாண்டியிருப்பேன். நம்பர்படி வந்தால் பொந்து பின்பக்கம் போய்விடும். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நோட்டில் முக்கால் பக்கம் எழுதினார்கள். வேனில் ஏறும்போது மூத்தவர் கேட்டார்:

"ஏனுங்க, இத்தன நாளா அதுகளுக்கு முதுகக் காட்டிட்டேவா போயிட்டிருந்தீங்க?"

ரேஞ்சர்

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் ரேஞ்சர் வந்தார். நோட்டைப் படித்தார். "ஆந்தையாமே, காட்டு" என்றார். பன்னிரண்டிலிருந்து கூட்டிப் போனேன். பொந்து காலி. அதிகாரி வந்தால் அது எங்கே இருக்கும்? மறுபடி விசில், மறுபடி "உள்ள போ, உள்ள போ" என்று மினிபஸ் படிக்கட்டு கண்ணுக்குள் வந்தது.

ரேஞ்சர் மரத்தடியில் குனிந்தார். விரல் நுனி அளவில் சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தன. ஒன்றைக் குச்சியால் பிரித்தார். உள்ளே வண்டின் இறக்கைகளும் ஒரு எலியின் தாடையும். செரிக்காததை ஆந்தை இப்படித்தான் கக்கும் என்றார். இன்னொன்றைப் பிரித்தார். அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் போனது. வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார். நான்தான் தயங்கித் தயங்கி, "சார், கேட்டப் பூட்டணுங்களா?" என்றேன். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"பூட்டுனா நாளைக்கு நான் எப்புடிய்யா உள்ள வாரது?"

என் சட்டையில் 'வழிகாட்டி' என்று பேட்ஜ் குத்தியிருக்கிறார்கள். அந்தப் பாதைக்கு வந்தவர்களில் எனக்கு வழி காட்டாமல் போனவர் ஒருவருமில்லை.