இரண்டு பஞ்சாங்கமும் ஒரு கடகம் நெல்லும்

எங்கள் ஊரான கைதடியில், எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு நடராசா அண்ணையுடையது. அவர் பிழைவிட்டதாக இதுவரை யாரும் சொன்னதில்லை; சொல்ல விட்டால்தானே. கடல்நீரேரிக் கரையில் அவருக்கு எட்டுப் பரப்பு வயல். மூன்று வருடமாக முளைத்ததெல்லாம் உப்பில் கருகியது. அதற்கும் காரணம் விதைத்த நாள்தானாம்.

அவர் மனைவி பராசக்தி அக்காவுக்கு ஒரே ஆசை. தைப்பூசத்தன்று புத்தரிசி பொங்கிப் படைக்கும் புதிருக்குச் சொந்த வயலின் நெல் வேண்டும். மூன்று பூசமும் கடையரிசியில்தான் பொங்கினார். பார்த்த எனக்கே மனம் வெந்தது.

போன புரட்டாசியில் விவசாயப் போதனாசிரியர் வினோஜா வந்து வழி சொன்னார். அளந்து கலந்த உப்புத் தண்ணீரில் நெல்லை ஒரு நாள் மட்டும் ஊறவைத்து, நிழலில் பழையபடி காயவிட்டு விதைத்தால் பயிர் உப்பைத் தாங்கப் பழகுமாம். அண்ணை அன்றைக்கே ஒரு பீப்பாவில் ஊறவைத்தார். விதைக்க நாளும் பார்த்துவிட்டார்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். "எந்தப் பஞ்சாங்கத்திலை பாத்தனீங்கள் அண்ணை? வாக்கியமோ, திருக்கணிதமோ?"

அவ்வளவுதான். மற்றதையும் எடுத்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துக்கொண்ட நல்ல நாள் நாலு நாள் தள்ளித்தான் கிடைத்தது.

"ஒரு நாள் முடிஞ்சுது. எடுத்துக் காயப்போடுங்கோ," என்றார் அக்கா.

"கிடக்கட்டும். கூட ஊறினால் கூடத் தாங்கும்."

அக்கா ஓலைக் கடகத்தை எடுத்துவந்து ஒரு கடகம் நெல்லை அள்ளி நிழலில் பரப்பினார். அண்ணை சிரித்துவிட்டு, புல்லும் பிடிக்காத கரையோரத்தில் ஒரு பரப்பை அவருக்குத் தானம் செய்தார்.

நல்ல நாளில் பீப்பாவைத் திறந்தால் நெல்லுக்கெல்லாம் வெள்ளை முளை. முளைத்த நெல்லைக் காய்ந்த புழுதியில் விதைக்கக் கூடாதென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அண்ணை விதைத்தார், நாளைத் தவறவிடலாமா? மழைக்குப் பஞ்சாங்கம் வாசிக்கத் தெரியாது, பத்து நாள் கழித்தே வந்தது. அதற்குள் முளையெல்லாம் செத்துப்போனது. கரையோரத் துண்டில் அக்கா விதைத்த காய்ந்த நெல் மட்டும் மழைக்குப் பிறகு முளைத்து, உப்பிலும் பச்சையாக நின்றது.

தைப்பூசத்தன்று அக்கா புதிர் படைத்து, என்னையும் கூப்பிட்டிருந்தார். பரிமாறும்போது அவர் கண் கலங்கியது. அண்ணை இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்ட பிறகு கேட்டார்.

"நீ எப்ப விதைச்சனீ?"

"செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூண்டரை."

"அது இராகுகாலமெல்லே."

"ஓம்."

அண்ணை கை கழுவிவிட்டு வந்து கண்ணாடியைப் போட்டு இரண்டு பஞ்சாங்கத்தையும் விரித்தார். "பொறு, ஏதோ ஒண்டிலை அது நல்ல நேரமாத்தான் இருந்திருக்கும்."

அவர் தேடிக்கொண்டிருக்க, அக்கா மிச்ச ஏழு பரப்புக்கும் விதைநெல்லை ஒதுக்கிக் கட்டிவைத்தார். நாள் எதுவென்று அவரைக் கேட்கவில்லை.